விரக்தியின் குண்டுகளும் வெயிற்றர்களின் மீசையும்

பாரிசின் மஜெந்தா பெருவீதி எம்மவருக்குப் புதிதல்ல. கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து றிப்பப்ளிக் சதுக்கத்தை நோக்கி இறங்கும் அந்த வீதியில் வேலைக்கும், வக்கீலிடமும், ஆஸ்பத்திரிக்கும் என்று நடந்து தேய்ந்த தமிழ்ச் சப்பாத்துகள் ஏராளம். அதன் கீழ்ப்பகுதியில் 1892 இல் வெரி என்பவரின் சாப்பாட்டுக்கடை ஒன்று இருந்தது. வெரியின் மைத்துனர் லெரோ அங்கே வெயிற்றராக நின்றார்.

1892 மார்ச் 27 காலை கிளிஷி வீதியில் ஒரு மாடிக் குடியிருப்பு குண்டுவெடித்துச் சிதறியது. அன்று வெரியின் கடைக்கு ஒருவர் சாப்பிட வந்தார். சாப்பிட்டபடியே லெரோவுடன் கதை கொடுத்து, அராஜகவாதக் கொள்கையை விளக்கினார், குண்டுவெடிப்பைப் பற்றியும் பேசினார். மூன்று நாள் கழித்து அதே ஆள் திரும்பவும் வந்தார். தேடப்படுகிறவரின் அங்க அடையாளம் அதற்குள் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கையில் ஒரு தழும்பு. லெரோ அதைக் கண்டார், பொலிசுக்குச் செய்தி போனது. பிடிபட்டவர் ரவஷோல்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 25 இரவு, ரவஷோலின் வழக்கு தொடங்குவதற்கு முதல் நாள், வெரியின் கடையில் குண்டு வெடித்தது. முதலாளி வெரியும் கடைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவரும் அதில் பட்ட காயங்களால் இறந்தனர். லெரோ தப்பிவிட்டார். ஓர் அராஜகவாதப் பத்திரிகை வெரியின் பெயரை வைத்துச் சிலேடை செய்து சிரித்தது.

லெரோவைப் போன்ற ஒருவரை அழைக்க எங்கள் மொழியில் ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கிறது. அந்தச் சொல்லை விழுத்திவிட்டால் அதற்குப் பின் கேள்வி கிடையாது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். 2009 க்குப் பிறகு எம்மிடையே அரசியல் வன்முறை பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நடக்கின்றன. எல்லாம் வீண், நாங்கள் அப்போதே சொன்னோம் என்பது ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் எங்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்பது மற்றது. இரண்டுமே விளைவைப் பற்றிய கணக்கு. சாப்பாட்டுக்கடையில் நின்ற வெயிற்றர் இந்தக் கணக்கு எதிலும் வருவதில்லை. நாம் கோப்பை கழுவுகிறவர்கள், வெங்காயம் உரிக்கிறவர்கள், படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆகவே இந்த நகரத்தின் பழைய விவாதம் ஒன்றைக் குசினிப் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில், குண்டு வைத்தவர்களை மனநோயாளிகள் என்று தள்ளிவிடுவது வரலாறு ஆகாது. 1871 மே மாதக் கடைசி வாரத்தில் பிரெஞ்சு அரசின் படை பாரிஸ் கொமியூனை நசுக்கியபோது ஆயிரக்கணக்கானோர் சுவர்களோடு நிறுத்திச் சுடப்பட்டனர். தப்பியவர்கள் லண்டனுக்கும் ஜெனீவாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஓடினர். 1880 இல்தான் பொதுமன்னிப்பு வந்தது. பிறகு 1891 மே 1. வடக்கே பூர்மி என்ற நெசவாலை ஊரில் எட்டு மணிநேர வேலை கேட்டு ஊர்வலம் வந்த சனத்தின் மீது இராணுவம் புதிய லெபெல் துவக்குகளால் சுட்டது. ஒன்பது பேர் செத்தனர். பெரும்பாலும் இளம் வயதினர், அவர்களில் ஒருவன் பதினொரு வயதுப் பொடியன். அதே நாளில் பாரிசை ஒட்டிய கிளிஷியில் சிறு ஊர்வலம் ஒன்று பொலிசுடன் மோதியது. பிடிபட்ட மூவரும் பொலிஸ் நிலையத்தில் நன்றாக அடிவாங்கினர். ஓகஸ்டில் நடந்த வழக்கில் அவர்களில் ஒருவருக்கு ஐந்து வருடம், இன்னொருவருக்கு மூன்று வருடம். பூர்மியில் சுட்டவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

ரவஷோல் பழிவாங்கக் கிளம்பியது கிளிஷி வழக்குக்காகத்தான். மார்ச் 11 இல் நீதிபதி வசித்த கட்டிடத்திலும், மார்ச் 27 இல் அரச வழக்கறிஞர் வசித்த கட்டிடத்திலும் குண்டு வைத்தார். நீதிபதிக்கோ வழக்கறிஞருக்கோ ஒரு கீறலும் விழவில்லை. காயப்பட்டது கூடக் குடியிருந்தவர்கள்.

ரவஷோலை முழுமையாகப் பார்த்தால் சங்கடம் கூடும். சாயத் தொழிலாளியாக இருந்து வேலை இழந்தவர், விழாக்களில் அக்கோடியன் வாசித்துச் சில்லறை சேர்த்தவர். பசியால் கள்ளக்கடத்தல், கள்ள நாணயம், கல்லறை தோண்டல் என்று போய், 1891 இல் பிச்சையெடுத்துப் பணம் சேர்த்திருந்த கிழட்டுத் துறவி ஒருவரையும் கொன்றார். பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனைதான் கொடுத்தது. மரணதண்டனை கிடைத்தது அந்தத் துறவியின் கொலைக்காக, மொன்பிரிசொன் நீதிமன்றத்தில். 1892 யூலை 11 இல் கில்லட்டினுக்குப் போனார். அதன் பிறகு அவர் பெயரில் பாட்டு வந்தது, படம் வந்தது, கிறிஸ்துவுடன் ஒப்பிட்டு எழுதிய இலக்கியவாதியும் இருந்தார். கொல்லப்பட்ட கிழவரைப் பற்றிப் பாட்டு எதுவும் இல்லை. ஒருவரைத் தியாகியாக்கும்போது அவரது வாழ்க்கையில் பாதியை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் எங்களுக்கும் நல்ல பழக்கம் உண்டு.

விரக்தி என்ற சொல்லுக்கு ரவஷோலைவிடப் பொருத்தமானவர் ஒகுஸ்த் வய்யான். ஆர்ஜென்ரீனாவுக்குப் போய்ப் பிழைக்கப் பார்த்து, தோற்றுத் திரும்பி வந்தவர். பாரிசில் கிடைத்த கூலியால் மனைவியையும் மகள் சிதோனியையும் காப்பாற்ற முடியவில்லை. 1893 டிசம்பர் 9 இல் பாராளுமன்றப் பார்வையாளர் மாடத்திலிருந்து ஆணி நிரப்பிய குண்டொன்றை எறிந்தார். பலர் காயப்பட்டனர், யாரும் சாகவில்லை. சபைத் தலைவர் புகை அடங்குமுன்னரே கூட்டம் தொடரும் என்று அறிவித்தது பெரிய வீரமாக இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காயப்பட்ட பிரதிநிதிகளில் ஒருவரான பாதிரியார் லெமீர், வய்யானைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டார். ஜனாதிபதி கார்னோ கேட்கவில்லை. யாரையும் கொல்லாத அந்த மனிதரின் தலையை 1894 பெப்ரவரி 5 இல் வெட்டினார்கள். கொல்வதல்ல, தன்னைப் போன்றவர்களின் நிலையை உலகுக்குக் காட்டுவதே தன் நோக்கம் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நம்பாதிருக்க எமக்குக் காரணம் இல்லை.

சரியாக ஒரு வாரம் கழித்து எமில் ஹென்றி வருகிறார்.

இவரது கதை அகதிகளாகிய எமக்கு மிகவும் கிட்ட வருகிறது. தகப்பன் கொமியூனில் நின்றவர். அவர் இல்லாமலே நடந்த வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட, ஸ்பெயினுக்கு ஓடியவர். எமில் 1872 இல் பார்சலோனாவுக்குப் பக்கத்தில் அகதியின் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பன் சுரங்கத் தொழிலில் உடம்பு கெட்டு இறந்துபோனார். தாய் பாரிசுக்கு வெளியே பிறெவான் என்ற ஊரில் சிறிய சாப்பாட்டுக்கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். கடையின் பெயர் 'நம்பிக்கை'. எமில் புலமைப்பரிசில் பெற்றுப் படித்த கெட்டிக்காரர். பொலித்தெக்னிக் உயர்கல்லூரிக்கான எழுத்துப் பரீட்சையில் தேறி, வாய்மொழிப் பரீட்சையில் தவறினார். படிப்பு அத்துடன் நின்றது.

அவரது முதலாவது குண்டு 1892 நவம்பர் 8 இல். கர்மோ சுரங்கக் கம்பனியின் பாரிஸ் அலுவலக வாசலில் வைத்தார். பொலிசார் அதைத் தூக்கிக்கொண்டு தங்கள் நிலையத்துக்குப் போக, அங்கே வெடித்து ஐந்து பேர் இறந்தனர். நால்வர் பொலிஸ் நிலையத்தைச் சேர்ந்தவர்கள், ஒருவர் கம்பனியின் எடுபிடி ஊழியர். வெடிமருந்தை அடைத்திருந்தது வார்ப்பிரும்புச் சமையல் பானையில். அந்நாளைய பாரிஸ் கொச்சையில் குண்டுக்கே 'பானை' என்றுதான் பெயர். நாங்கள் தினமும் உரஞ்சிக் கழுவும் அதே சாமான்.

இந்தக் குண்டின் காலத்தைக் கவனிக்க வேண்டும். கர்மோ சுரங்கத் தொழிலாளர் ஓகஸ்ட் முதல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது தோழர் கல்வின்யாக் நகரமேயராகத் தெரிவானதும் கம்பனி அவரை வேலையிலிருந்து நீக்கியதுதான் காரணம். பிரதமர் லூபேயின் மத்தியஸ்தத்தில் கல்வின்யாக் திரும்பச் சேர்க்கப்பட்டு, மேயர் கடமைக்காக விடுப்பும் பெற்றார். முழுவெற்றி அல்ல, ஆனால் வெற்றி. நவம்பர் தொடக்கத்தில் வேலை மீண்டும் ஆரம்பித்தாயிற்று. ஹென்றியின் குண்டு அதற்குப் பிறகு வெடித்தது. வேலைநிறுத்தம் நாசூக்காக விற்கப்பட்டது, தொழிலாளரைப் பேச்சாளர்கள் ஏமாற்றினார்கள் என்பது அவர் கருத்து. ஏமாந்தீர்களா என்று அவர் கர்மோவுக்குப் போய்க் கேட்டதில்லை. கர்மோக்காரர் தங்களுக்கு எது வேண்டும் என்று ஜனவரியில் வாக்குப் போட்டுச் சொன்னார்கள். ழோறெஸ் பாராளுமன்றத்துக்குப் போனார்.

இரண்டாவது குண்டு 1894 பெப்ரவரி 12 இரவு, சென் லசார் ரயில் நிலையத்தை ஒட்டிய கபே தெர்மினுசில். அதற்கு முன் வேறு பெரிய கபேக்களையும் எட்டிப் பார்த்திருக்கிறார், சனம் போதவில்லை. தெர்மினுசில் வாத்தியக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. பியர் எடுத்தார், சுருட்டு எடுத்தார், தொழிலாளி மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாப்பாட்டுக் கரியரில் அடைத்த குண்டை எறிந்தார். இருபது பேரளவில் காயம், ஒருவர் பின்னர் இறந்தார். அங்கே இருந்தது அமைச்சர்களோ வங்கி முதலாளிகளோ அல்ல. ரயிலுக்குக் காத்திருந்த சின்ன உத்தியோகத்தரும் கடைக்காரரும்தான். நீதிமன்றத்தில் ஹென்றி நடுங்கவில்லை. இந்த அமைப்பில் சுகமாக பியர் குடிக்கும் எவரும் நிரபராதி அல்ல, நீங்கள் ஒரு வய்யானுக்காக எல்லா அராஜகவாதிகளின் வீட்டையும் உடைத்தீர்கள், பிரித்துப் பார்த்தீர்களா, நானும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மே 21 இல் கில்லட்டின். வயது 21.

இந்த வாதம் ஒரு கண்ணாடி. அரசு செய்வதைப் பார்த்து, அதையே திருப்பிக் காட்டுகிறது. அதன் பலமும் கேடும் அதுதான். அரசு ஓர் இனத்தையோ வர்க்கத்தையோ ஒட்டுமொத்தமாகக் குற்றவாளியாக்கும்போது அதை அநீதி என்கிறோம். அதே சூத்திரத்தை எங்கள் கையில் எடுத்தவுடன் அது நீதியாக மாறிவிடுமா?

இதை அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். எமக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் யார் என்பது. வீட்டில் சாய்ந்திருந்து வன்முறை கூடாது என்று உபதேசித்த கனவான்கள் அல்ல. எரிக்கோ மலதெஸ்தா இத்தாலியர், 1877 இல் பெனெவெந்தோ மலைக்கிராமங்களில் ஆயுதம் தூக்கியவர், பிறகு லண்டனில் அகதியாக இருந்து இயந்திர, மின்சார வேலை செய்து சீவித்தவர். புரட்சிக்குப் பலாத்காரம் தேவைப்படும் என்பதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவர்தான் 1892 ஓகஸ்டில் பாரிஸ் பத்திரிகை ஒன்றில், வெறுப்பினால் உலகத்தைப் புதுப்பிக்க முடியாது, வெறுப்பின் புரட்சி ஒன்றில் தோற்கும் அல்லது இன்னொரு ஒடுக்குமுறையில் போய் முடியும் என்ற கருத்தை வைத்தார். பலாத்காரம் தற்காப்பின் எல்லையைத் தாண்டும்போது அது விடுதலையின் கருவியாக இருப்பதில்லை என்பது அவர் நிலை. அதே பத்திரிகையில், அதே மாதத்தில், எமில் ஹென்றி பதில் எழுதினார். எங்கள் வெறுப்பே நேசத்திலிருந்து பிறந்ததுதான், கலகக்காரனின் செயலுக்கு அளவுகோல் வைக்க நீங்கள் யார் என்ற தொனியில்.

இருவர் வாதத்திலும் உண்மை இருக்கிறது. சனத்தை நேசிக்காதவனுக்குப் பூர்மியைக் கேட்டுக் கோபம் வராது. ஆனால் நேசம் வெறுப்பைப் பெற்ற பிறகு, அந்தப் பிள்ளை தாயைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதே மலதெஸ்தாவின் கேள்வி. ஹென்றி அதற்குப் பதில் சொல்லவில்லை. பதினெட்டு மாதம் கழித்துத் தெர்மினுசில் சொன்னார்.

குரோபொட்கினிடமும் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1880 இல் அவரது பத்திரிகை கத்தி, துவக்கு, டைனமைட் எல்லாவற்றாலும் இடைவிடாத கலகம் என்று எழுதியது. 1881 மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுக்குப் பலியான உற்சாகம் எங்கும் இருந்தது, அதே ஆண்டு லண்டன் மாநாடு செயல்மூலப் பிரசாரத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜாரின் இடத்துக்கு வந்த மகன் தகப்பனைவிட மோசமாக ஆண்டார். பத்து வருடத்துக்குள் குரோபொட்கின், நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட ஒன்றைச் சில கிலோ வெடிமருந்தால் தகர்க்க முடியாது என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டார். எழுத்தாளர் ஒக்தாவ் மிர்போ அராஜகவாதிகளின் நண்பர். தெர்மினுஸ் நடந்து ஒரு வாரத்தில், அராஜகவாதத்தின் பரம எதிரிகூட இதைவிடத் திறமையாக அதைக் கெடுத்திருக்க முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். இதற்கு நேர்மாறாக, வய்யானின் குண்டு நேரத்தில் செயல் அழகாயிருந்தால் பலியானவர்கள் என்ன கணக்கு என்று விருந்தொன்றில் பேசிய கவிஞர் லோறோன் தையாட், 1894 ஏப்ரல் 4 இல் போயோ உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யன்னலடியில் வைத்த குண்டு வெடித்து ஒரு கண்ணை இழந்தார். உணவகங்களுக்கு அது கெட்ட காலம்.

அரசுக்கு அது கெட்ட காலமாக இருக்கவில்லை. வய்யானின் குண்டு விழுந்து மூன்றாம் நாள், டிசம்பர் 12 இல், பத்திரிகைகளைக் கட்டும் சட்டம் வந்தது. 18 ஆம் திகதி கூட்டுச்சேர்தலைக் குற்றமாக்கும் சட்டம். 1894 ஜனவரி முதலாம் திகதி நாடெங்கும் வீடுவீடாகச் சோதனை. யூன் 24 இல் லியோனில் கசேரியோ என்ற இருபது வயது இத்தாலிய வெதுப்பகத் தொழிலாளி, வய்யானுக்கு மன்னிப்பு மறுத்த ஜனாதிபதி கார்னோவைக் குத்திக் கொன்றதும், யூலை 28 இல் மூன்றாவது சட்டம். இவற்றுக்குத் 'துஷ்டச் சட்டங்கள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் பிரதமரான லியோன் புளூம் இளம் சட்டவல்லுநராக இருந்தபோது பெயர் மறைத்து இவற்றைக் கிழித்து எழுதினார். ஓகஸ்டில் முப்பது பேரை ஒரே கூண்டில் ஏற்றினார்கள். எழுத்தாளர்களும் திருடர்களும் கலந்து. அறிவாளிகள் எல்லோரும் விடுதலையானார்கள், திருட்டுக்காரர் சிலர்தான் மாட்டுப்பட்டனர். ஆனால் சட்டம் நின்றது. 1894 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 1992 இல். 1893 இன் 'தீயோர் கூட்டு' என்ற குற்றமோ உரு மாறி இன்னும் இருக்கிறது. 1996 இல் அது பயங்கரவாதத்துடன் சேர்த்து எழுதப்பட்டது. 2007 ஏப்ரலில் பாரிசில் தமிழர் பலர் கைதாகி வழக்குக்குப் போனபோது குற்றப்பத்திரத்தில் இருந்த சொற்றொடர் அதுதான். வய்யானின் ஆணிக்குண்டு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

கார்னோ கொல்லப்பட்ட இரவும் அடுத்த நாட்களும் லியோனில் இத்தாலியரின் கோப்பிக்கடைகளையும் சாப்பாட்டுக்கடைகளையும் கும்பல்கள் அடித்து நொறுக்கின. கசேரியோவை ஒருநாளும் கண்டிராத இத்தாலியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எல்லையை நோக்கி ஓடினர். 1983 யூலையைக் கண்ட எமது மூத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நிரபராதி எவருமில்லை என்று ஹென்றி சொன்னதைக் கும்பலும் சொன்னது, வேறு மொழியில்.

பாரிசில் அந்த இரண்டு வருடக் குண்டுகளில் இறந்தவர் ஏறக்குறையப் பத்துப் பேர். பூர்மியில் இராணுவம் கண்மூடித் திறப்பதற்குள் கொன்றது ஒன்பது பேர். கணக்கு அரசுக்கு எதிராகவே இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பூர்மியின் கணக்கைத் தெர்மினுசில் தீர்க்கும் உரிமையை யார் கொடுத்தது? பூர்மி நெசவாளர் கொடுக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. இந்த விவாதத்தை வன்முறையா அகிம்சையா என்று பட்டிமன்றம் ஆக்குவதில் பயனில்லை என்று நாம் நினைப்பது இதனால்தான். யாருடைய பெயரில், யாரைக் கேட்டு, யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. ஹென்றியும் மலதெஸ்தாவும் ஒரே பத்திரிகையில் எதிரெதிராக எழுதினார்கள். மிர்போ எழுதினார். எழுதியதற்காக அவர்களில் எவரையும் அவர்களது தோழர்கள் சுடவில்லை. எம்மிடம் அப்படி நடக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திரணகம, எல்லாத் தரப்பின் துவக்குகளையும் பற்றி 'முறிந்த பனை'யில் சேர்ந்து எழுதியவர், 1989 செப்டம்பர் 21 இல் வீதியில் சுடப்பட்டார். 1994 மே முதலாம் திகதி, தொழிலாளர் தினத்தில், இதே பாரிசுப் பக்கத்தில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். எமில் ஹென்றியின் தலை விழுந்து நூறு வருடம் நிறைய மூன்று வாரம் இருந்தது. உள்ளிருந்து கேள்வி கேட்கிறவரைக் கொன்றுவிட்டால் வெளியிலிருந்து ஏசுகிறவர் மட்டுமே மிஞ்சுவார். எமது விரக்தியில் ஒரு பங்கு அங்கிருந்தும் வருகிறது.

சரி, வெயிற்றர்களுக்கு என்ன ஆனது?

வெரியின் கடையில் குண்டு வெடித்து ஒரு மாதம் முடியுமுன், 1892 மே 22 இல், அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் வரும் ஷத்தோ தோ வீதியில் தொழிற்சங்கங்களுக்கான கட்டிடம் திறக்கப்பட்டது. பூர்ஸ் து திரவாய், தொழிலாளர் மன்றம். அடுத்த வருடமே அரசு படையை அனுப்பி அதை மூடியது, சில வருடங்கள் பூட்டியே கிடந்தது. ஆனால் குண்டுக் காலம் முடிந்தபோது அராஜகவாதிகளில் பலர் போய்ச் சேர்ந்தது இந்த மன்றங்களில்தான். பெர்னோன் பெலூத்தியே 1895 இல் தோழர்களைச் சங்கங்களுக்குள் வரும்படி அழைத்து எழுதினார். அதே வருடம் லிமோழ் நகரில் சேஜேத்தே தொழிற்சங்கச் சம்மேளனம் தொடங்கியது. நோயோடு போராடியபடியே மன்றங்களின் கூட்டமைப்பைக் கட்டிய பெலூத்தியே 1901 இல், 33 வயதில் இறந்தார். வெரியின் சாவைச் சிலேடையாக்கிய பத்திரிகையை நடத்திய எமில் பூஜேயும் பின்னர் சம்மேளனத்தின் பத்திரிகையைப் பொறுப்பேற்றார். இவர்கள் சாந்த சொரூபிகளாக மாறிவிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். இயந்திரத்தைக் கெடுப்பது, வேலையை மந்தப்படுத்துவது என்று பூஜே பச்சையாகவே எழுதினார். மாறியது ஒன்றுதான்: தனியாள் முடிவு செய்வது நின்று, கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வது வந்தது.

அப்போது சமையற்காரர், வெயிற்றர், வெதுப்பகத் தொழிலாளருக்கு வேலை வேண்டுமென்றால் தனியார் வேலைத்தரகு நிலையங்களுக்குக் காசு கட்ட வேண்டும். அடிக்கடி வேலையை மாற்றிவிட்டால் தரகருக்கு அடிக்கடி காசு. லாச்சப்பலில் வேலை எடுத்துக் கொடுத்தவருக்கு முதல் மாதச் சம்பளத்தில் பங்கு அழுதவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். உணவுத் தொழிலாளர் இந்தத் தரகுக்கு எதிராக வருடக்கணக்காகப் போராடினர். 1903 ஒக்டோபர் 29 இல் பொலிஸ் தொழிலாளர் மன்றத்துக்குள்ளேயே புகுந்து அடித்தது, பலருக்கு மண்டை உடைந்தது. 1904 மார்ச் 14 இல் சட்டம் வந்தது: நகரசபைகள் இந்த நிலையங்களை மூடலாம். 1906 யூலை 13 இல் வாரத்தில் ஒருநாள் ஓய்வுச் சட்டம். உணவகங்களுக்கு அதில் விதிவிலக்குகள் கொடுத்தார்கள். முதலாளிமார் அன்றும் கெட்டிக்காரர்.

1907 ஏப்ரலில் பாரிஸ் கபே வெயிற்றர்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தனர். ஓய்வுநாள் வேண்டும், வேலை செய்வதற்காக முதலாளிக்கே கட்ட வேண்டியிருந்த செலவுக்காசு ஒழிய வேண்டும். பல இடங்களில் வாடிக்கையாளர் கொடுக்கும் சில்லறையைத் தவிரச் சம்பளமே கிடையாது. இவற்றோடு இன்னுமொரு கோரிக்கை: மீசை வைக்கும் உரிமை. பத்திரிகைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஆனால் விஷயம் சிரிப்பல்ல. அந்தக் காலத்தில் மீசை இல்லாத முகம் வீட்டு வேலைக்காரனின் அடையாளம். சிப்பாய் மீசை வைப்பான், பொலிஸ் வைப்பான், மேசையில் இருந்து சாப்பிடுகிறவன் வைப்பான், பரிமாறுகிறவன் மட்டும் தினமும் மழிக்க வேண்டும். பல முதலாளிகள் இறங்கிவந்தார்கள். வெரியின் கடைக்குக் குண்டு வைத்ததாக லண்டனில் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்ற மெனியே, அதே 1907 இல் பிரெஞ்சு கயானாத் தண்டனைக் குடியேற்றத்தில் இறந்தார்.

சங்கங்களைப் புனிதமாக்கும் எண்ணமும் எமக்கு இல்லை. 2008 ஏப்ரலில் பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் விசா இல்லாத தொழிலாளர் பலநூறு பேர் சேஜேத்தேயின் துணையுடன் வேலைநிறுத்தம் செய்தனர். உணவகக் குசினிகளில் நின்ற மேற்கு ஆபிரிக்கர்கள் அதில் முன்வரிசை. அதே நேரம், தங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று விசா இல்லாத வேறொரு பகுதியினர் மே 2 முதல் ஷார்லோ வீதியிலிருந்த தொழிலாளர் மன்றக் கட்டிடத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். 2009 யூன் 24 இல் சங்கத்தின் ஆட்களே அவர்களைப் பலவந்தமாக வெளியேற்றினர். அந்த வசந்தத்தில் எம்மவர் லாச்சப்பல் வீதியை மறித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் ஒருநாள் பஸ் கண்ணாடிகள் உடைந்தன, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பொலிஸ் அள்ளிச் சென்றது. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தெரிந்திருந்ததாக நாம் கேள்விப்படவில்லை. வேலைக்குப் போனால் ஒரே தொட்டியில் கோப்பை கழுவுகிறவர்கள்.

எங்களோடு வேலை செய்யும் மாலிக்காரர் ஒருவர் 2008 வேலைநிறுத்தத்தில் நின்றவர். அவர் சொல்லும் கதைகளில் வீரம் குறைவு. இரவிரவாகக் கூட்டம், பெயர்ப் பட்டியல், யாருடைய சம்பளச் சிட்டை யாருடைய பெயரில் இருக்கிறது என்ற குழப்பம், சோற்றுச் சட்டி யார் கொண்டுவருவது என்ற சண்டை. மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு வருட விசா கிடைத்தது, கூட நின்ற இருவருக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காக அடுத்த வருடமும் போய் நின்றிருக்கிறார். இப்போது பத்து வருட விசா வைத்திருக்கிறார். சம்பளம் மட்டும் கூடவில்லை என்று முதலாளியை ஏசியபடி அதே அடுப்படியில்தான் நிற்கிறார். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை என்று எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்.